சேரிக்கு வந்த விரால்

"இதுல ஒரு துண்டு நீங்க எங்க ஊட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சண்முகசுந்தரத்திடம் சொன்னேன்.

அப்பா தலையிலிருந்து அவிழ்த்த துண்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். உள்ளே அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. ஊர்த்தெரு ஆட்களிடம் கூலி கேள், நெல் கேள், சண்டைகூடப் போடு, சாப்பிட மட்டும் கூப்பிடாதே என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். கூப்பிட்டால் மாட்டேன் என்பார்கள். அந்த அவமானம் கூப்பிட்டவளுக்குத்தான். விலங்கியலில் பட்டம் வாங்கி வந்த பிறகும் எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் மாறவில்லை.

சண்முகசுந்தரம் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி சிரித்தார். வண்டியின் பின்னால் கட்டிக் கொண்டுவந்திருந்த தகர டின் எங்கள் வாசலில் இருந்தது. அதற்குள் இரண்டு விரால்கள். முழங்கை நீளம்.

அயனம்பாக்கம் ஏரியின் மீனை வருஷா வருஷம் ஏலம் எடுப்பவர் அவர்தான். அப்பா முனியன் அவருக்காகக் கரையில் காவல் இருப்பவர். கோடையில் தண்ணீர் வடிந்ததும் வலை இழுப்பது எங்கள் ஆட்கள். கூலியாகக் கெண்டைப்பொடியும் குரவையும் கொடுப்பார். விரால் ஊர்த்தெருவுக்கும் பூந்தமல்லி சந்தைக்கும் போகும். எங்கள் பக்கம் வராது. துலுக்கானம் மாமா தூண்டிலில் ஒரே ஒரு விரால் பிடித்ததற்கு, அவரை ஏரித் தண்ணீர் வழியும் கலங்கல் மேல் உட்காரவைத்து அடித்த மனிதர் இவர்.

அதே மனிதர் சித்திரையிலிருந்து வாரா வாரம் வீடு வீடாக விரால் கொடுக்கிறார். சும்மா கொடுக்கிறார்.

"காலம் மாறிட்ச்சிடி" என்றாள் அம்மா, முதல் வாரம் குழம்பு வைத்தபோது. அப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். "எம் பொண்ணு பி.எஸ்சி. படிச்சிகீது. அந்த மருவாதிக்குத்தான் குடுக்குறாரு" என்று டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மரியாதை கொடுக்கிறவன் வண்டியிலிருந்து இறங்கமாட்டானா?

ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயோரத்தில் தை மாதம் ஒரு கம்பெனி வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் செய்யும் சாமான்களுக்கு முலாம் பூசுகிற இடம். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வெயிலில் தண்ணீர் சூடேறிவிட்டது என்றார் சண்முகசுந்தரம். அப்பாவும் அதையே சொன்னார். ஆனால் அந்த மூலையில் கொக்குகூட இறங்கவில்லை. போன வாரம் அம்மா கழுவ வைத்திருந்த விராலின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாக, கோழை அப்பிக் கிடந்தது.

"செத்த மீனையா குடுக்குறாரு? துள்ளுது பாரு!" என்றார் அப்பா. எங்கள் பக்கத்தில் மீனுக்கு வேறு பரிசோதனையே கிடையாது. துள்ளினால் நல்ல மீன். ஆனால் விரால் மற்ற மீன் மாதிரி இல்லை. மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கும். கெண்டை செத்துப்போகும் தண்ணீரிலும் அது கிடக்கும். அது துள்ளுவதை வைத்துத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. இதைச் சொன்னால் "ஆரம்பிச்சிட்டா காலேசு" என்று அம்மா எழுந்து போய்விடுவாள்.

என்னால் பேசாமல் இருக்க முடியாததற்குக் காரணம் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. என் தங்கை நாகவல்லி, ஏழு மாசக் கர்ப்பிணி. ரத்தம் ஊறும் என்று தலைத் துண்டு எல்லாம் அவள் தட்டுக்குத்தான் போகும்.

"இன்னா முனியா, உம் பொண்ணு விருந்துக்குக் கூப்பிடுது?" என்றார் சண்முகசுந்தரம்.

"ஐயா, அது வெளாட்டுக்கு..."

"வெளாட்டு இல்ல நைனா" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "தோ பாரு பொண்ணே, நான் உங்க ஊட்ல கை நனைக்கமாட்டேன். அது உனக்கும் தெரியும், உங்கப்பனுக்கும் தெரியும். வழக்கத்தை நானா மாத்த முடியும்?"

அப்பா மூச்சு விட்டார். நிம்மதியாக விட்டார்! அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த மனிதர் எதற்காகச் சாப்பிட மறுக்கிறார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. எங்கள் வீடு என்பதால் மறுக்கிறாரா, இந்த மீன் என்பதால் மறுக்கிறாரா? தீட்டுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்.

டின்னை அவர் வண்டிப் பக்கம் தள்ளினேன்.

"சரி, எங்க ஊட்ல வேணாம். இதுல ஒண்ணு எடுத்துகினு போங்க. உங்க டின்னு, உங்க மீனு, மீனு மேல எங்க கைகூடப் படல. உங்க அடுப்புல உங்க சம்சாரம் ஆக்கட்டும்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"நாளைக்கு ஆக்குங்க. விரால்தானே, அதுவரைக்கும் உசுரோட இருக்கும்."

சிரிப்பு போய்விட்டது. "எங்க ஊட்ல இப்ப கவுச்சியே இல்ல. வேண்டுதல்."

"எப்பலேர்ந்து?"

"சித்திரைலேர்ந்து. நீ இன்னா போலீசா?"

அப்பா அவருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு குறுக்கே வந்தார். "இல்லீங்களே ஐயா, போன ஞாயித்துக்கெழமகூட நான்தானே சிந்தாதிரிப்பேட்டை போய் வஞ்சரம் வாங்கியாந்தேன்? ஏரி மீனு வாணாம், கடல் மீனே வாங்கியான்னு உங்க ஊட்டம்மா சொன்னாங்களே..."

சொல்லிவிட்டு நிறுத்தினார். கையிலிருந்த துண்டு தரையில் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

சண்முகசுந்தரம் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "கால்வாயோரம் கம்பெனி இருக்குல்ல, அதுல உனக்கு லேப்ல வேலை சொல்லி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை வரச் சொன்னாங்க. அதை நெனச்சிப் பேசு."

"அந்தக் கம்பெனிக்கும் உங்களுக்கும் இன்னா?"

"முனியா, காவலுக்கு ஆளு கெடைக்காம இல்ல. பொண்ணை அடக்கி வை." வண்டியை உதைத்துக் கிளப்பினார். டின்னை எடுக்காமலே போனார்.

அம்மா கையில் மசாலாவோடு வெளியே வந்தாள். "நல்லா கேட்டடி. வேலையும் போச்சி, காவலும் போச்சி. சேரியே துன்னுதே, எவளுக்கு இன்னா ஆச்சி?"

"ஆன பொறவு தெரிஞ்சா போதுமா?"

"அக்கா" என்று உள்ளிருந்து நாகவல்லி கூப்பிட்டாள். "நான் துன்னது நாலஞ்சி வாரமாச்சே."

அப்பா டின்னுக்குப் பக்கத்தில் குந்தினார். ஒரு விரால் மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது.

"மீன்ல வெசம் கீதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது. அவருக்குத் தெரியும்."

அப்பா மெல்லப் பேசினார். எனக்காக மெல்லப் பேசினாரா, அக்கம்பக்கம் கேட்கக் கூடாது என்று பேசினாரா, தெரியவில்லை. "நம்ம ஊட்ல இனிமே வாணாம். பள்ளம் தோண்டிப் பொதச்சிடறேன். நாகவல்லிய நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போலாம். நீ வெளிய வாயத் தொறக்காத. நான் போய் ஐயா கால்ல விழுந்துட்டு வரேன். நீ திங்கக்கிழமை வேலைக்குப் போ."

"அப்ப மத்த ஊட்டுக்காரங்க?"

"அவங்க துன்னுகினுதானே கீறாங்க."

சொன்னது என் அப்பாதான். துலுக்கானம் மாமாவின் முதுகுக்கு எண்ணெய் போட்டு விட்டதும் இதே கைதான். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. சேரி தின்கிறவரைக்கும் ஏரித் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், அதற்குத்தான் இந்த ஓசி விரால். ஒரு டின் மீனில் ஒரு மனிதனை இவ்வளவு தூரம் வாங்கிவிட முடியும் என்றால், லேப் வேலையில் என்னை எவ்வளவு தூரம் வாங்குவார்கள்? அந்தக் கால்வாய்த் தண்ணீரையே ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து என் கையில் கொடுப்பார்கள். நல்ல தண்ணீர் என்று எழுது என்பார்கள். பட்டம் வாங்கிய கையெழுத்து அவர்களுக்கு வேண்டும். அதுவும் இந்தச் சேரிக்காரியின் கையெழுத்தாக இருந்தால் இன்னும் நல்லது.

"எங்க கிளம்பற?" என்றாள் அம்மா.

செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"நைனா சொல்றத கேளுடி. எவ நம்புவா உன்ன? ஓசி விராலை நீ கெடுத்தன்னுதான் பேசுவாளுங்க. பொறாம புடிச்சவன்னுவாளுங்க."

"சொல்லட்டும்."

"வேல?"

"அது எனக்கு வேணாம்மா."

அப்பா எழுந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என்ன நினைத்தாரோ, ஒரு அடி நகர்ந்தார். முழுதாக வழிவிடவில்லை. பக்கவாட்டில் உரசிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

தெரு முழுக்க மிளகாய் அரைக்கிற வாசனை. முதல் வீடு தாயம்மாவுடையது. மீன் கழுவின தண்ணீரைக் கொட்டிவிட்டு, சட்டியோடு அவள் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தாள். நான் கத்திக் கூப்பிட்டபடி நடந்தேன்.