இரைச்சலுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர்

தமிழ்நிலாவுக்குக் காதால் பிழைப்பு. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியை அனுப்பிவிட்டு அவசர அவசரமாகப் பேசிப் பதிவுசெய்யும் குறிப்புகளை, நீடாமங்கலத்தில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுப்பாள். ஆறு வருட அனுபவம். கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு டாக்டர் சொல்லும் மாத்திரைப் பெயரைக்கூடப் பிசகாமல் எழுதிவிடுவாள் என்று கம்பெனியில் பெயர்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் 'ஃபிஃப்டீன்' என்றதை 'ஃபிஃப்டி' என்று எழுதிவிட்டாள். பதினைந்து மில்லிகிராம் ஐம்பதாகிவிட்டது. சரிபார்க்கிறவர்கள் பிடித்துவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை வரவழைத்தாள்.

புது ஹெட்ஃபோனில் டாக்டரின் குரல் தெளிவாகத்தான் இருந்தது. குரலுக்கு அடியில், தூரத்து வயலில் அறுவடை மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சலும் அதே தெளிவோடு கேட்டது. பழைய ஹெட்ஃபோனில் மங்கலாக இருந்த சனியன் இப்போது பளிச்சென்று வந்து உட்கார்ந்துகொண்டது.

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். முப்பத்து நான்கு பதில்கள். முப்பத்து மூன்று பேர், ஹெட்ஃபோனுக்குப் பவர் கூட்டுகிற ஆம்ப்ளிஃபையர், அதாவது ஆம்ப், தனியாக வாங்கு, அல்லது லேப்டாப்புக்கு வெளியில் மாட்டுகிற சவுண்ட் கார்டு வாங்கு, முடிந்தால் இரண்டையும் வாங்கு என்றார்கள். ஒருவர் மட்டும் காலை வணக்கம் போட்டிருந்தார்.

"காதுல மாட்டுறதுக்கு எதுக்கும்மா பவரு? பம்புசெட்டா அது?" என்று கேட்டார் அப்பா அரசப்பன்.

"தெரியலப்பா. அதத்தான் விசாரிக்கணும்."

விசாரித்ததில் தஞ்சாவூர் பஞ்சநதம் சாரின் நம்பர் கிடைத்தது. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிக்கருவிகளைப் பற்றி இணையத்தில் அவர் நடத்தும் குழுவில் நாலாயிரம் பேர் இருந்தார்கள். அவர் 'நன்று' என்று ஒரு வார்த்தை எழுதினால் அந்தக் கருவி கடைகளில் தீர்ந்துபோகும் என்று சொல்லிக்கொண்டார்கள். சனிக்கிழமை காலையில் வரச்சொன்னார். தமிழ்நிலா லேப்டாப்பையும் ஹெட்ஃபோனையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். ஒரு மணி நேர வேலைதானே என்று சார்ஜரை எடுத்துக்கொள்ளவில்லை.

பஞ்சநதம் வீட்டில் ஒலிக்கென்றே ஓர் அறை இருந்தது. உள்ளே போகும்முன் கைபேசியை அணைக்க வேண்டும். பத்திலிருந்து பன்னிரண்டு வரை அந்த வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது. ஆகவே அவர் மனைவி தர்மாம்பாள் அடுக்களையில் அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் மூலம் கரண்டும்மா" என்று ஆரம்பித்தார் பஞ்சநதம். "அனல் மின்சாரத்துல ஒரு கரி வாசம் இருக்கும். சாதாரணக் காதுக்குத் தெரியாது. மேட்டூர்ல தண்ணி தொறந்து புனல் மின்சாரம் வர ஆரம்பிச்சா பாருங்க, வயலின் அப்படியே ஈரமாக் கேக்கும்."

தமிழ்நிலா தலையாட்டினாள். ஆறு வருடமாகக் காதை வைத்துச் சாப்பிடுகிறவளுக்கு மின்சாரத்தின் வாசம் இதுவரை எட்டவில்லையே என்று உள்ளூரக் கூச்சமாகக்கூட இருந்தது.

அவர் தோட்டத்தில் ஆள் வைத்துக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, இந்த அறைக்கென்று தனியாக எர்த் இறக்கியிருந்தார். அதன் பெருமையைச் சொல்லி முடித்துவிட்டு, செங்கல் கனத்தில் ஓர் ஆம்ப்ளிஃபையரை அவள் லேப்டாப்போடு இணைத்து, அதில் அவளுடைய ஹெட்ஃபோனைச் செருகினார். ஒரு நாகஸ்வரப் பதிவு ஓடியது.

தமிழ்நிலாவுக்குப் புல்லரித்தது. அப்படியொரு நிறைவு. அறுவடை மெஷின் போன இடம் தெரியவில்லை.

"பாத்தீங்களா? மேடை விரிஞ்சிருச்சா? தவில்காரருக்கும் நாயனத்துக்கும் நடுவுல காத்து போகுதா?"

"போகுது சார்."

வாங்கிவிடுவது என்று அவள் முடிவே செய்துவிட்டாள். அப்போதுதான் ஆம்பில் சத்தம் கூட்டும் திருகின் மேல் கண் பட்டது. முக்கால்வாசி திருகியிருந்தது. அவள் வீட்டில் கேட்பதைவிட இரண்டு மடங்கு சத்தம்.

"சார், லேப்டாப்புலயே நேரா சொருகி, இதே அளவு சத்தம் வெச்சுக் கேக்கலாமா?"

"கேளுங்க. வித்தியாசம் தெரியட்டும்."

நேராகச் செருகினாள். சத்தத்தை அதே அளவுக்கு ஏற்றினாள். தவில்காரருக்கும் நாயனத்துக்கும் நடுவில் காற்று முன்போலவே போய்வந்தது. அதைவிட அதிசயம், இரைச்சல் இப்போதும் இல்லை.

"வீட்டுல கேட்ட இரைச்சலக் காணமே சார்?"

பஞ்சநதம் புன்னகைத்தார். "அதான் சொன்னேன்ல, கரண்டு. என் எர்த்து அப்படி."

"சார், லேப்டாப்பு இப்ப கரண்டுலயே இல்ல. பேட்டரில ஓடுது."

பஞ்சநதம் குனிந்து லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒயரைத் தேடினார். அடுக்களையில் அம்மி நின்றிருந்தது. சட்னிக் கையோடு தர்மாம்பாள் வாசற்படியில் நின்றார்.

"ஏங்க, அந்தப் புள்ள கேக்குறதும் சரிதானே? நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. நான் மாத்தி மாத்திச் சொருகுறேன். எது ஆம்பு, எது ஆம்பு இல்லைன்னு நீங்க சொல்லுங்க."

"என்னையே சோதிக்கிறியா?"

"உங்க காதுக்கு எது தெரியாது? சும்மா ஒரு பத்து தடவை."

கையைக் கழுவிவிட்டு வந்தவரின் முகத்தில் இருந்த உற்சாகத்தைப் பார்த்தால், அந்த அம்மாள் பல வருடமாக இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்குக் காத்திருந்த மாதிரிதான் தெரிந்தது. பஞ்சநதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தமிழ்நிலா ஒவ்வொரு முறையும் சத்தத்தைச் சமன் செய்தாள். தர்மாம்பாள் மனம்போனபடி மாற்றினார். பஞ்சநதம் கண்ணை மூடிக்கொண்டு, "ஆம்பு... சந்தேகமே இல்லை, அந்தக் கார்வை" என்றார், "இது வறட்டு லேப்டாப்பு" என்றார். பத்தில் நான்கு சரி. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலே ஐந்து வந்திருக்கும்.

அவர் முகம் சின்னதாகிவிட்டது. தமிழ்நிலாவுக்குப் பாவமாக இருந்தது. அலமாரியில் இருந்த கனமான ஹெட்ஃபோனைக் காட்டி, அதையும் பார்க்கலாமா என்று கேட்டாள். முந்நூறு ஓம் என்று எழுதியிருந்தது. லேப்டாப்பில் நேராகச் செருகி, சத்தத்தைக் கடைசிவரை ஏற்றியும் நாயனம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அவளுடைய ஹெட்ஃபோனுக்கு மின்தடை குறைவு, முப்பத்திரண்டு ஓம்தான்; அதற்கு லேப்டாப்பின் சக்தியே போதும்.

"இதுக்குக் கண்டிப்பா ஆம்ப் வேணும் சார். என்னோடதுக்குத்தான் வேண்டாம்போல."

பஞ்சநதம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேணும்ல? அப்புறம், ஒண்ணு சொல்றேன். இன்னிக்கு வர்றது காத்தாலை கரண்டு. அதுல யாருக்குமே வித்தியாசம் தெரியாது."

"ஆமாங்க, காத்துதான் காரணம்" என்று தர்மாம்பாள் எழுந்து போனார். அடுத்த நிமிடம் அடுக்களையில் மிக்ஸி ஓடியது. மணி பதினொன்றரை.

வீட்டுக்கு வந்ததும் தமிழ்நிலா லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டாள். அறுவடை மெஷின் ஓடியது. பிடுங்கினாள். நின்றது. மறுபடி போட்டாள், ஓடியது. விசாரணை முடிந்தது. ஆனால் அவளுடைய பழைய பேட்டரி ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்காது. எட்டு மணி நேர வேலைக்குச் சார்ஜர் இல்லாமல் முடியாது. சத்தத்தை லேப்டாப்புக்கு வெளியே எடுத்துவிட்டால் சார்ஜரின் இரைச்சல் அதில் ஒட்டாது என்று பட்டது.

ஆகவே திங்கட்கிழமை, கடைத்தெருவில் கணினிச் சாமான்கள் விற்கும் ஜாஃபர் சாதிக்கிடம் போனாள். இம்முறை சார்ஜரோடு.

"சவுண்ட் கார்டா? பெருசாக் காட்டவாங்க?"

"இருக்கிறதுலயே சின்னது காட்டுங்க அண்ணே. சார்ஜரைப் போட்டுக் கேட்டுட்டுத்தான் வாங்குவேன்."

விரல் நீளத்தில் யூஎஸ்பியில் மாட்டும் ஒன்றைக் கொடுத்தார். சார்ஜர் ஓட, ஹெட்ஃபோனை அதில் செருகிக் கேட்டாள். அமைதி. விலை ஒரு ஜோடி நல்ல செருப்பைவிடக் குறைவு.

ஒரு மாதம் போயிற்று. அவளுக்கு ஒரு பிழைகூட வரவில்லை. குழுவில் மேலாளர் பாராட்டி எழுதி, என்ன ஹெட்ஃபோன் என்று கேட்டார். தமிழ்நிலா ஹெட்ஃபோனின் பெயரைப் போட்டு, அதன் கீழே, சார்ஜர்தான் குற்றவாளி என்பதையும், முதலில் பேட்டரியில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும், அப்படியும் தேவைப்பட்டால் சின்ன சவுண்ட் கார்டே போதும் என்பதையும் பொறுமையாக எட்டு வரிகளில் விளக்கினாள்.

முதல் வரியோடு எல்லோரும் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த வாரமே பதினோரு பேர் அதே ஹெட்ஃபோனை வாங்கினார்கள். அடுத்த வாரம் பதினோரு பேரும், அடியில் ஏதோ இரைச்சல் கேட்கிறது, என்ன ஆம்ப் வாங்கலாம் என்று குழுவில் கேட்டிருந்தார்கள்.