ஸுமைரா விற்காத வளையல்

எஹலியகொட டவுனுக்கு நான் போனது சண்டை போடத்தான்.

அன்று என் மனைவி விஜயகலாவுக்கு வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். எங்கள் தோட்டத்து லய வீட்டு வாசல் நிறையப் பெண்கள். என் மாமியார் தங்கம்மா முதல் வளையலை எடுத்துப் போட்டார். விரல் கணுவைத் தாண்டவில்லை. சவர்க்கார நுரை தடவி வழுக்க வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வளையல் உடைந்ததுதான் மிச்சம்.

"புருசன் வாங்கிப்போடுற கொத்து ரொட்டிய விடாம தின்னா இப்படித்தான்," என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். விஜயகலாவும் சிரித்தாள்.

"அந்தக் கடக்காரி சின்னதக் குடுத்து ஏமாத்திட்டா. போய் மாத்திட்டு வாங்க மாப்புள்ள. நல்ல நேரம் போகுது," என்றார் மாமியார்.

ஸுமைராவின் பேன்சி கடை பஸ் நிலையத்துக்கு எதிரே. வளையல் பெட்டியை மேசையில் போட்டேன்.

"அளவு தெரியாம யாவாரம் பண்றீங்களா? அடுத்த சைஸ் குடுங்க."

அவர் கோபப்படவில்லை. "வியாழக்கிழமை உங்கட மனுசிக்கு நான்தானே போட்டுப் பாத்தேன். லேசாப் போச்சு, லேசா வந்துச்சு. நீங்களும் பக்கத்துலதான் நின்டீங்க."

உண்மைதான்.

"வளையல் சுருங்காது தம்பி. மூஞ்சியும் வீங்கி ஈக்குதா?"

காலையில் அவள் கண்கள் சிறுத்துத் தெரிந்தன. தூக்கம் போதவில்லை என்று நினைத்திருந்தேன்.

"புள்ளத்தாச்சிக்கு அதெல்லாம் இருக்கும். வளையலக் குடுங்க."

"தரமாட்டேன்."

"சும்மாவா கேக்குறேன்? காசு தாறேன்."

"எவ்வளவு தந்தாலும் இல்ல. பெரிய வளையல் ஏறிடுச்சின்னா எல்லாரும் நிம்மதியா இருந்துடுவீங்க. என்ட தங்கச்சி பஸ்னாவுக்கு வயித்துல புள்ள இருக்கக்குள்ள இப்படித்தான் மோதிரம் இறுகிச்சு. கஷ்டப்பட்டுக் கழட்டினோம். கழட்டி வச்சிட்டு சும்மா இருந்தோம். அடுத்த நாள் வலிப்பு வந்து மௌத்தாயிட்டா. புள்ளயும் போச்சு. ஃபோனப் போடுங்க. தலை வலிக்குதான்னு கேளுங்க."

போட்டேன். ஸ்பீக்கரில் விஜயகலா மெதுவாகப் பேசினாள்.

"நேத்துலேர்ந்து வலிக்குதுங்க. கண்ணு முன்னாடி மினுக்கு மினுக்குனு வருது. எல்லாரும் வந்திருக்காங்க, முடியட்டும்னு இருந்தேன்."

கேட்டுக்கொண்டே ஸுமைரா கடையின் ஷட்டரை இழுத்தார். ஆட்டோவையும் அவரே கூப்பிட்டார். போன கிளினிக்கில் பிரஷர் சரியாக இருந்ததே என்று ஆட்டோவில் புலம்பினேன். "அது போன கிளினிக்," என்றார்.

லயத்தில் தங்கம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "சடங்கப் பாதியில நிறுத்துனா ஆகாது."

"மத்தத வந்து செய்ங்கம்மா. இவ இருந்தாத்தானே செய்ய ஏலும்?" என்றார் ஸுமைரா.

மாமியார் அவரை முறைத்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். அன்று அவர் அதை ஒழுங்காகப் பார்த்தது அப்போதுதான். செருப்பை எடுத்து மகளின் காலடியில் போட்டார். செருப்பும் ஏறவில்லை. வெறுங்காலோடு எஹலியகொட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

பிரஷரைப் பார்த்த நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். ஊசி போட்டார்கள். ஆம்புலன்ஸில் இரத்தினபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அன்றே ஆபரேஷன். பெண் குழந்தை. வலிப்பு வருவதற்கு முன்னால் கொண்டுவந்தது நல்லது என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். அவரைக் கும்பிட்டேன். நர்ஸைக் கும்பிட்டேன். ஆம்புலன்ஸ் டிரைவரைத் தேடிப்போய்க் கும்பிட்டேன். கடைக்குத் திரும்பியிருந்த ஸுமைராவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"ரெண்டு பேரும் இருக்காங்கக்கா," என்றேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்.

இரண்டு நாள் கழித்து ஸுமைரா வார்டுக்கு வந்தார். சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தங்கம்மா அவர்களை விலக்கிவிட்டுக் குழந்தையை எடுத்து ஸுமைராவிடம் நீட்டினார்.

"ஐயோ, முதல்ல உங்கட ஆக்கள் தூக்கட்டும்மா."

"அவங்க வீட்டுல தூக்குவாங்க. நீங்க வாங்குங்க."

"கை நடுங்குது."

"நடுங்கட்டும். உக்காந்து வாங்கிக்கிங்க," என்றார் என் மாமியார்.