கறுப்புச் சோதனை

ஊரடங்கு தளர்ந்த கையோடு பெட்டி இறக்கத் தொடங்கிவிடுவோம். லொறியை ஆமிக்காரர் துறைமுக வீதிக்குள் விடமாட்டார்கள். சோதனைச் சாவடியிலிருந்து பண்டகசாலை வரை ஆளுக்கொரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கவேண்டும். மேலெல்லாம் வியர்வை ஊறும்; கடற்காற்றில் அது உப்பாய்க் காயும். பெட்டிக்குள் இருப்பது விலைகூடிய மொனிற்றர். கொழும்பில் பணக்காரப் பிள்ளைகள் கொம்பியூட்டரில் சுட்டு விளையாடுவதற்கு. எங்கள் ஊரில் நிசமாகவே சுட்டார்கள். அதைப் பார்க்க ஒருவருக்கும் திரை தேவைப்படவில்லை.

கப்பலில் அடிபட்ட சரக்கைக் கொழும்பில் மலிவாக எடுத்து, கூலி குறைந்த திருகோணமலையில் தரம் பிரித்து, திரும்பக் கொழும்புக்கே அனுப்புவதுதான் முதலாளி பாக்கியரத்தினத்தின் வியாபாரம். தரம் பிரிக்கிறவர்கள் நாங்கள், பெண்கள். திரை முழுக்க வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக விட்டு, செத்த புள்ளி கிடக்கிறதா என்று மூலை மூலையாகத் தேடுவோம். பிறகு திரையில் ஓடுகிற கார் ஒன்றை விடுவோம். காருக்குப் பின்னால் நிழல் வாலாக இழுபட்டால் அது விளையாட்டுக்கு உதவாது. கடைசியாகக் கறுப்புச் சோதனை. அறையையும் இருட்டாக்கி, திரையையும் கறுப்பாக்கி, ஓரங்களால் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பது. நல்லதுக்குப் பச்சை ஒட்டுவோம், பழுதுக்குச் சிவப்பு.

ஒரு பொட்டு வெளிச்சமும் வரக்கூடாதென்று யன்னலிலும் கதவு இடுக்கிலும் முதலாளி கறுப்புப் பொலித்தீன் ஒட்டுவித்திருந்தார். வெளிச்சம் வராத இடத்தால் காற்று மட்டும் வருமா? மின்சாரம் பாதி நாளும் இல்லை. முற்றத்தில் நின்ற ஜெனரேற்றரை அந்தக் கிழமை உள்ளே கொண்டுவந்து, எங்கள் அறையோடு ஒட்டிய நடையில் வைத்துவிட்டார். பெற்றோல் தட்டுப்பாடாம், வெளியில் நின்றால் ஆராவது உறிஞ்சிவிடுவார்களாம்.

ஜெஸீமா கிண்ணியாத் துறையில் முதல் பாதைப் படகில் ஏறி வருகிறவள். அவள் உழைப்பில்தான் அவளுடைய உம்மா வீட்டு அடுப்பு எரிந்தது. அன்று என் பக்கத்துத் திரைக்கு முன்னால் இருந்தவள் கண்ணைக் கசக்கினாள்.

"குணேஸ்வரி அக்கா, இந்தத் திரை பனிப்புகார் கட்டினமாதிரி இருக்கு. நடுவிலயும் மங்கல்."

நான் எட்டிப் பார்த்தேன். எனக்கும் மங்கல்தான். "ஓமடி, இது உதவாத சரக்கு. சிவப்பை ஒட்டு" என்றேன்.

அடுத்ததும் மங்கல். அதற்கடுத்ததும் மங்கல். தலை இடித்தது, பசி என்று நினைத்தோம். புகை மணம் மூக்குக்குப் பழகிப்போயிருந்தது. கண்ணை வைத்தே பிழைக்கிற எங்களுக்குக் கண்ணில் பிழை இருக்குமென்று தோன்றவேயில்லை. முதலாளி நன்றாக ஏமாந்து குப்பையை ஏற்றிவந்துவிட்டார் என்று சிரிக்கவும் செய்தோம். அட, எங்கள் மடத்தனத்தை எங்கே போய்ச் சொல்ல!

ஜெஸீமா எழும்பப் பார்த்தாள். கால் மடிந்து, திரையையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். நான் கத்தப் பார்த்தேன், குரல் வரவில்லை. அடுத்த மேசையில் தரம் பார்த்த றுக்கியா அதிலேயே சத்தி எடுத்தாள். ஜெனரேற்றருக்குப் பெற்றோல் விட வந்த தவராசாதான் கதவை உதைத்துத் திறந்து ஒவ்வொருவராக முற்றத்துக்கு இழுத்துப் போட்டான். ஜெஸீமாவின் நெற்றி கிழிந்து இரத்தம் ஓடியது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பிணமாகத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று ஆசுபத்திரியில் டொக்டர் ஏசினார். அது ஜெனரேற்றர்ப் புகை செய்த வேலை.

அடுத்த நாள் காலை, ஜெஸீமா இல்லாமல் நாங்கள் போகும்போது, சிவப்பு ஒட்டிய திரைகளையெல்லாம் முதலாளி விறாந்தையில் ஒளிரவிட்டு வைத்திருந்தார்.

"பாருங்கோ! கண்ணாடி மாதிரிக் கிடக்கு. எல்லாத்துக்கும் சிவப்பு! ஒண்டை உடைச்சும் போட்டாள். இது பிழையில்லை, நாசவேலை. அந்தப் பிள்ளை இனி இந்தப் படி மிதிக்கக்கூடாது. ஆராவது கூடக் கதைச்சியளெண்டால், ஆமிக் காம்புக்குப் போய் அவளின்ர பேரைச் சொல்லிப்போடுவன்."

நாசவேலை! அந்த நாளில் அந்த ஒரு சொல் போதும், ஒரு ஆள் காணாமற்போக.

"சிவப்பை ஒட்டச் சொன்னது நான், முதலாளி. மங்கினது திரையில்லை, எங்கட கண். மங்க வைச்சது உங்கட ஜெனரேற்றர்."

"நானும் இந்தக் கட்டிடத்திலதானே இருந்தனான்? எனக்கு ஒண்டும் செய்யேல்லையே!"

"யன்னலைத் திறந்துபோட்டு முன்னறையில இருந்தனீங்கள். இப்ப உள்ளுக்கு வாங்கோ. கதவைச் சாத்துறம். தவராசா எஞ்சினைப் போடட்டும். நீங்களே இருந்து தரம் பாருங்கோ."

முதலாளி அந்தக் கதவைப் பார்த்தார். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"ஏன், ஏலாதோ?" என்று றுக்கியா கேட்டாள்.

"எனக்கு வேற வேலை இருக்கு! பின்னேரம் லொறி வெளிக்கிடவேணும். உள்ளுக்குப் போறதெண்டால் போங்கோ, இல்லாட்டி நடையைக் கட்டுங்கோ. உப்புவெளி ஊரில ஒரு சொல்லுச் சொன்னால் எத்தனையோ பேர் வேலைக்கு வருவினம்."

"வரட்டும். வாற ஆக்களுக்கும் இதைத்தான் சொல்லுவம்" என்றேன்.

தவராசா ஜெனரேற்றரைத் தறதறவென்று இழுத்து முற்றத்தில் விட்டான். நான் உள்ளே போய் யன்னல் பொலித்தீனைக் கிழித்தேன்.

"விசரி! இனிக் கறுப்புச் சோதனையை எப்பிடிச் செய்யிறது?" முதலாளி பாய்ந்து வந்தார்.

"காத்துக்கு வழி வையுங்கோ, இருட்டை நாங்கள் உண்டாக்கித் தாறம். ஜெஸீமாவையும் திரும்ப எடுக்கவேணும். அதுவரைக்கும் ஒரு திரைக்கும் பச்சை விழாது."

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு காம்புப் பக்கம் போனார். பொய் சொல்லி என்ன, எல்லாருக்கும் பயம். என் புருசனை ஒருமுறை சுற்றிவளைப்பில் கொண்டுபோய் அடித்த அடி எனக்குத் தெரியும்.

"முன்னுக்கு இருக்கிற ஆளைத்தான் முதல்ல இழுப்பாங்கள், அக்கா" என்றாள் றுக்கியா.

"அப்ப ஒருத்தரும் முன்னுக்கு இருக்கவேண்டாம்."

சுவரோடு ஒரே வரிசையாக இருந்தோம். தவராசாவும் வந்து ஓரத்தில் குந்தினான். வெயில் ஏறியது. ஓட்டோ ஒன்று வந்து நின்றது. தலையில் கட்டோடு ஜெஸீமா இறங்கினாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"உனக்கென்ன விசரே? உன்ர பேரைச் சொல்லத்தான் போயிருக்கிறார். திரும்பிப் போடி உம்மாவிட்ட!" என்று கத்தினேன்.

"என்ட பேரச் சொல்லி வாறவங்களுக்கு நான் இல்லாம நீங்க பதில் சொல்லுறதா? தள்ளி இரிங்க, அக்கா."

எல்லாரும் நெருங்கி, அவளுக்கு நடுவில் இடம் விட்டோம். வீதி வளைவில் ஆமி ஜீப் இரைந்தது. ஒருவரும் எழும்பவில்லை.