மூன்றாம் காலில் ஒரு விதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ராக்கெட் கதை ஒரு கார் டயரடியில் பிறந்தது. மலாக்காவில், புக்கிட் காத்தில் என்கிற ஊரின் கோயில் வாசலில் என் மைத்துனனின் செகண்ட்ஹேண்ட் காருக்குப் பூசை. நாலு டயருக்கு நாலு எலுமிச்சம்பழம். நசுக்கிக்கொண்டு கிளம்பினான். என் புத்தி சும்மா இருக்குமா? போன ராக்கெட்டே திரும்பி வந்து இறங்கி மறுபடியும் விண்வெளிக்குப் போகிற காலமாயிற்றே, அதற்குப் பழத்தைக் கிளம்பும்போது வைப்பதா, இறங்கும்போது வைப்பதா?

கைவசம் இருந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் புளுகு. (மலாக்காவில் ராக்கெட் கம்பெனி எங்கே என்று தேடாதீர்கள். புக்கிட் ரம்பாயில் நானே ஒன்று கட்டிவிட்டேன். லைசென்ஸ் கேட்கவேண்டாம்.)

2

முதல் தொடக்கம்:

‘டமார்! சுங்கை ரம்பாய் வானம் ரத்தச் சிவப்பாக…’

அடித்துவிட்டேன். காலை பத்து மணி வெயிலில் வானம் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும்.

இரண்டாவது:

‘செம்பனை மரங்களுக்கிடையே அந்த மர்ம உருவம்…’

மர்மமாவது மண்ணாவது. அது வெல்டர் மருதமுத்து. பசியாறிவிட்டு வருகிறார்.

சரி, நேராகவே போவோம். திவ்யதர்ஷினி இஞ்சினியர், வயது இருபத்தொன்பது. ராக்கெட் திரும்பி வந்து நிற்பதற்கான நாலு கால்களும் அவளுடைய நாலு வருட உழைப்பு. பூமியைச் சுற்றப்போகும் முன் சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு காலி நிலத்தில் சின்ன ஒத்திகை. நூறு மீட்டர் எழும்ப வேண்டும், அப்படியே இறங்கி நிற்க வேண்டும். எழும்பியது. சமர்த்தாக இறங்கியது. இன்னும் எட்டே மீட்டர். எஞ்சின் தானாக அணைந்தது.

டமார். (அடித்ததை இங்கே போட்டுக்கொள்கிறேன்.)

3

மறுநாள் முதலாளி முகம்மது அஷ்ரப் கத்தவில்லை. அவளைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்.

“நாலு மணிக்குள்ள காரணம் வேணும், தர்ஷினி. உன் காலுதான் கோளாறுன்னா, அத்தனையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டு வெளியூர்ல ரெடியா விக்கிறத வாங்கிடுவேன்.”

அவளும் மருதமுத்துவும் மூன்றாம் காலைக் கழற்றினார்கள். ஒவ்வொரு பாதத்தின் அடியிலும் ஒரு சுவிட்ச். தரை தொட்டால் அமுங்கும். கடைசி எட்டு மீட்டரில் கம்ப்யூட்டர் கால்களைக் கேட்கும், ‘தொட்டாச்சா?’ ஒரு கால் ‘ஆச்சு’ என்றாலும் எஞ்சின் அணையும். மூன்றாம் காலின் சுவிட்ச் கிளம்பியதிலிருந்தே அமுங்கிக் கிடந்திருக்கிறது. இடுக்கில் என்னவோ.

“எலுமிச்ச வெத,” என்றார் மருதமுத்து.

இந்த இடத்தில் நான் எழுதியிருந்தது: ‘மருதமுத்து தலைகுனிந்தார். “நான்தாம்மா வச்சேன், சாமிக்குப் பயந்து…”’

வசதியான ஆள் பாருங்கள். பட்டை போட்ட வெல்டர், படிப்பு குறைவு. பழி கச்சிதமாக உட்காரும். ஆனால் மனிதர் குனிய மறுத்து என் பக்கம் திரும்பினார்.

“என்னா விளையாடுறீங்களா? முப்பது வருசம் வெல்டிங் பண்றேன். சுவிட்சுக்கு அடியில பழம் வைக்க நான் என்னா கிறுக்கனா? நான் நசுக்குனது வாசல் கேட்டுல, ராக்கெட்ட ஏத்திட்டு வந்த லோரி டயர்ல. முறையா. ஊரே பாத்துச்சு. இது யாரோ புதுசா பூசை பழகுன ஆளு வேலை லா.”

சொல்லிவிட்டு அவளையே பார்த்தார்.

4

ஆமாம், அவள்தான். எனக்கே மூன்றாவது திருத்தத்தில்தான் தெரிந்தது.

ராக்கெட் உருளாது, நேராக மேலே போகும். நசுங்காத பழம் என்ன பலன் தரும்? அதனால் கிரேன் ராக்கெட்டை இறக்கி நிறுத்தும்போதே மூன்றாம் காலின் அடியில் ஒரு பழத்தைத் தள்ளிவிட்டாள். நாலு வைத்தால் கண்ணில் படும் என்று ஒன்றே ஒன்று. சுவிட்சை வரைந்தவளே அவள்தான். ஆனாலும் அந்த நிமிடம் பயம்தான் தெரிந்தது, சுவிட்ச் தெரியவில்லை.

“ஏன் சார், பழத்த என் பாக்கெட்ல போட்டது நீங்கதானே?” என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள்.

“நான் பாக்கெட்டில்தானம்மா போட்டேன்.”

5

மணி நாலு. அஷ்ரப் நிரப்ப வேண்டிய விபத்துப் பாரத்தை அவள் பக்கம் நகர்த்தினார். ‘காரணம்’ என்பதற்குக் கீழே இரண்டு கட்டங்கள்: பாகம், ஆள். விதையைக் காட்டாமல் ‘பாகம்’ என்று குறித்தால் யாருக்கும் வேலை போகாது, கால்கள் மட்டும் போகும்.

அவள் விதையை மேசையில் வைத்தாள். ‘ஆள்’ என்று குறித்தாள்.

அஷ்ரப் கூட வந்திருந்த மருதமுத்துவைப் பார்த்துச் சிரித்தார். “இதுக்கு விசாரணை வேறயா? கேட்டுல பழம் நசுக்குனது யாருன்னு எல்லாரும்தான் பாத்தோமே. பேர எழுது, தர்ஷினி. எழுதுன ஆளு நாளையிலேர்ந்து வரவேணாம்.”

மருதமுத்து நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முடிவு அ: அவள் தன் பெயரை எழுதுகிறாள், அஷ்ரப் கண்கலங்கி மன்னிக்கிறார். (நான் படைத்த அஷ்ரப்பை எனக்குத் தெரியும். கலங்கமாட்டார்.)

முடிவு ஆ: சட்டென்று கரண்ட் போய்விடுகிறது. (பேனாவுக்கு எதற்குக் கரண்ட்?)

முடிவு இ: அவள் மெல்ல ‘ம’ என்று…

இதை என்னால் எழுத முடியவில்லை. எழுதாமலிருக்கவும் முடியவில்லை. நாலு வருட உழைப்பைக் காப்பாற்றியாயிற்று, அதைத் தொடர்ந்து செய்ய அவளுக்கு நாற்காலி வேண்டுமே.

பேனா இனி உங்கள் கையில். ஒரு பெயர், அவ்வளவுதான். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். மருதமுத்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மேசையில் விரித்த வரைபடத்தை எந்தப் பக்கம் நின்றாலும் படித்துவிடுகிற மனிதர். தலைகீழ் எழுத்தெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.