பதினேழாம் வீட்டார்

1

இந்தக் கதை நான் சிவப்பு மையால் சுழித்த ஒரு வரியிலிருந்து வந்தது. ஆய்வு அறிக்கைகளுக்கு மொழித்திருத்தம் செய்வது என் பிழைப்பு. ஆராய்ச்சியாளர்கள் எழுதிக் கொண்டுவரும் அரைப்பக்க வாக்கியங்களை மூன்றாக நறுக்கி, மூச்சுவிட வைத்து அனுப்புவேன். அன்று வந்தது நூற்றுச் சொச்சம் பக்கம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு உடம்பில் புண் வராமல் தடுப்பது எப்படி என்பது விஷயம். ஒரு டாக்டர், கிருமிகளைப் பார்க்கும் உயிரியல் அம்மா ஒருவர், ஓர் என்ஜினியர், சமூகக் கொள்கை படித்த ஒரு பெண் என்று நாலு பேர் நாற்பது வீடுகளில் இரண்டு வருடம் செய்த வேலை.

நன்றியுரையில் இப்படி ஒரு வரி: "பதினேழாம் வீட்டார் நாங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்கள்."

"கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? விளக்கவும்" என்று ஓரத்தில் எழுதினேன். விளக்குவதற்கு அந்த நாலாவது ஆள், சமூகக் கொள்கைப் பெண், நேரிலேயே வந்துவிட்டார். மூன்று டீ ஆயிற்று. அந்த வரியில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

2

ஆரம்பங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன். முதலாவது: "மருத்துவம், உயிரியல், பொறியியல், சமூகக் கொள்கை ஆகிய நான்கு துறைகளும் ஒருங்கிணைந்து—" (வேண்டாம். நானே கொட்டாவி விட்டேன்.)

இரண்டாவது: "அன்று மழை பெய்தது." கதை எழுதத் தெரியாதவர்கள்தான் மழையைக் கூப்பிடுவார்கள் என்று அடித்துவிட்டேன். பிறகு விசாரித்தால், அன்று நிஜமாகவே மழையாம். கதைக்கே அந்த மழைதான் காரணமாம். அடித்ததைத் திரும்ப எழுதினேன்.

அன்று மழை பெய்தது. கேள்விக்காரி பதினேழாம் வீட்டு வாசலில் குடையை மடக்காமலே நின்றாள். (அந்தச் சமூகக் கொள்கைப் பெண்தான். நாற்பது வீட்டிலும் அவளுக்கு அதுதான் பெயர். "கேள்விக்காரி வந்திருக்கா" என்பார்கள். 'அவர்' என்று எழுதினால் எனக்குக் கிட்டே போக முடியவில்லை. கேட்டதற்கு, "அவள்னே எழுதுங்க, பரவால்ல" என்றாள்.) அடுத்த பஸ்ஸுக்கு ஏழு நிமிடம் இருந்தது. அதை விட்டால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

அவள் கையிலிருந்த படிவத்தில் அறுபத்திரண்டு கேள்விகள். என்ஜினியர் செய்த விரிப்பு ஒவ்வொரு வீட்டிலும் மெத்தைமேல் கிடக்கும். படுத்திருப்பவர் இரண்டு மணி நேரம் புரளாமல் இருந்தால் அது கத்தும். எப்போது புரண்டார் என்பதையும் குறித்துக்கொள்ளும். இந்த வீட்டில் நான்காம் நாளே அதன் வாயை அடைத்துவிட்டார்கள்.

"சத்தத்தை ஏன் நிறுத்தினீங்க?" என்றாள் வாசலிலேயே.

கதவைத் திறந்த மனிதர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், உள்ளே ஒரு பார்வை பார்த்தார். "அக்காவுக்குப் பிடிக்கல. உள்ள வாங்களேன், அவங்களே சொல்வாங்க."

"இல்லீங்க, பஸ் வந்துடும்."

காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள். தெரியாமல் அணைத்தது, மறந்தது, பழுது, ஒத்துழைக்க மறுப்பு. முதல் மூன்றும் இல்லை. ஆகவே நான்காவதில் ஒரு டிக் போட்டாள். பஸ்ஸும் கிடைத்தது. ஜன்னல் ஓரம்கூடக் கிடைத்தது.

3

ஆய்வுக் கூட்டத்தில் என்ஜினியர் பதினேழாம் வீட்டுக் கணக்கைத் திரையில் போட்டார்.

"இதைப் பாருங்க. ஐம்பத்தஞ்சு நிமிஷத்துல ஒரு தடவை புரண்டிருக்காங்க. அப்புறம் ஒரு மணி நாப்பது. அப்புறம் ஒரு மணி பத்து. பகல் முழுக்க ஒரு தடவைகூட ரெண்டு மணி தாண்டல. சத்தமே இல்லாம இது எப்படி நடக்கும்? யாரோ தலையணையைப் போட்டு உருட்டி விளையாடியிருக்காங்க."

அவர் சந்தேகத்திலும் நியாயம் இருந்தது. ஒன்பதாம் வீட்டில் விரிப்பை மடித்து அலமாரியில் வைத்திருந்தார்கள். அது மூன்று வாரம் அலமாரியின் நிம்மதியைப் பதிவுசெய்தது.

"படிவத்துல என்ன போட்டிருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒத்துழைக்க மறுப்பு," என்றாள் கேள்விக்காரி. அவள் கையெழுத்துதான்.

பதினேழாம் வீட்டை ஆய்விலிருந்து நீக்கினார்கள். ஒரு கடிதம் போயிற்று. கடிதத்தோடு, வாராவாரம் போய் உடம்பைப் பார்த்துவந்த நர்ஸும் நின்றுபோனார். நீக்கிய வீட்டுக்கு நர்ஸ் போகக் கூடாது என்பது விதி.

(இங்கே யாரையாவது வில்லனாக்கினால் கதை சுலபமாக நகரும். ஆளைத் தேடினேன். கிடைக்கவில்லை. விதியை எழுதியவர்களும் இந்த நாலு பேர்தான். நல்ல மனதோடுதான் எழுதினார்கள்.)

4

மூன்று வாரம் கழித்து, விரிப்பைத் திரும்ப வாங்கிவர அவளே போனாள். வெயில் நாள். பஸ் அவசரம் எதுவும் இல்லை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே யாரோ சத்தமாகப் படிப்பது கேட்டது.

டிரைவர் படித்துக்கொண்டிருந்தார். நூலகத்திலிருந்து எடுத்த தடிமனான துப்பறியும் நாவல். முற்றுப்புள்ளி வந்தால் நிறுத்தம் வந்த மாதிரி பிரேக் போட்டார். பத்தி முடிந்தால் எல்லோரும் இறங்கட்டும் என்பது போலக் காத்திருந்தார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அக்கா, "கமாவுக்கெல்லாம் அவ்வளவு நேரம் நிக்காதடா" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். முதுகுத்தண்டில் அடிபடும் வரை தட்டச்சுப் பள்ளி நடத்தியவள். எழுத்து விஷயத்தில் தம்பியென்றும் பார்க்க மாட்டாள்.

"...அவன் மெதுவாகக் கதவைத் திறந்தான். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது—" டிரைவர் புத்தகத்தை மூடினார்.

"யாருடா? சொல்லித் தொலை!"

"திரும்பு. சொல்றேன்."

"வலிக்குதுடா."

"தெரியும்க்கா. திரும்பு."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தோளைப் பிடித்தாள். அவர் ஒரு கையை இடுப்புக்குக் கீழும் ஒரு கையை முதுகிலும் கொடுத்து அவளை வாசல் பக்கம் திருப்பினார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தார், முதுகுக்குப் பின்னால் ஒன்று. திரும்பிய முகத்துக்கு எதிரே கேள்விக்காரி நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த அத்தியாயம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் அந்தப் பக்கம். அதனால்தான் ஐம்பத்தைந்து நிமிடம், ஒரு மணி நாற்பது, ஒரு மணி பத்து. வாசலில் நின்றபடியே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நல்ல நேரத்துல வந்தீங்க," என்றார் டிரைவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நர்ஸம்மா வரதில்ல. இந்தக் குதிகாலைக் கொஞ்சம் பாருங்க. முந்தாநாள்லேருந்து சிவப்பா இருக்கு."

ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. அவள் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"விரலால அழுத்திப் பிடிங்க," என்றார் டாக்டர். "எடுத்ததும் அந்த இடம் வெளுக்குதான்னு பாருங்க. வெளுத்துட்டு மறுபடி சிவந்தா, உள்ள ரத்தம் ஓடுது, காப்பாத்திடலாம். வெளுக்கலன்னா உடனே கூட்டிட்டு வாங்க."

அவள் அழுத்தினாள். இத்தனை நாளாக இதைப் பற்றிப் பேசியிருக்கிறாள், கட்டுரை எழுதியிருக்கிறாள். ஒரு குதிகாலைத் தொடுவது அன்றுதான் முதல் தடவை. டிரைவர் குனிந்து பார்த்தார். அக்காவுக்கு அங்கே உணர்ச்சி கிடையாது. அவள் இவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலை எடுத்தாள்.

வெளுத்தது. பிறகு, மெதுவாக, சிவந்தது.

"கெண்டைக்கால் அடியில தலையணை வைங்க. குதிகால் எதுமேலயும் படக் கூடாது. நான் சாயங்காலம் வரேன்," என்றார் டாக்டர். வந்தார். ஆறு நாளில் அந்தச் சிவப்பு மறைந்தது. (வாசகரைக் காக்கவைக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் இங்கேயே சொல்லிவிட்டேன்.)

5

டாக்டர் வருவதற்குள் அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். நர்ஸ் நின்றது நான்காவது கட்டத்தில் தான் போட்ட ஒரு டிக்கினால், அதுவும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் போட்டது என்று. எப்படிச் சொன்னாள் என்று நான் நாலைந்து விதமாக எழுதினேன். எல்லாவற்றிலும் அவள் அழுதாள். அவள் படித்துவிட்டு, "நான் அழல எடிட்டர். எனக்கு அங்க அழ உரிமையில்லன்னு தோணுச்சு" என்றாள். கண்ணீரை எடுத்துவிட்டேன்.

அக்கா விசாரிக்க ஆரம்பித்தாள்.

"நாலாவது கட்டத்துலயா போட்ட? முதல் மூணுல என்னென்ன இருந்துச்சு?"

சொன்னாள்.

"மூணும் சரியில்ல. நாலாவதும் சரியில்ல. அஞ்சாவது ஒண்ணு இருந்திருக்கணும்மா."

"அதுல என்ன போடணும்?"

"அது கத்துறப்ப நான் அடுப்புல வச்ச குக்கர் மாதிரி இருந்துச்சு. இவனும் ஓடி வந்து என்னை இறக்கி வைக்கிற மாதிரியே திருப்புவான். முகத்தைக்கூடப் பார்க்க மாட்டான், அந்த டப்பாவைத்தான் பார்ப்பான். இப்ப கதைக்காகத் திரும்பறேன். வலி அதேதான். ஆனா நானாத் திரும்பறேன்ல?"

கேள்விக்காரி படிவத்தைப் புரட்டினாள். இதை எழுத அதில் இடமே இல்லை. பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

6

இந்த டிரைவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல மனிதர் கதைக்கு ஆகாது. அவரை ஓர் இடத்திலாவது எரிந்துவிழ வைக்கலாம் என்று— (இந்த வாக்கியத்தை முடிக்கும் முன் கேள்விக்காரிக்குப் போன் செய்தேன்.)

"கோபப்படாம இருப்பாரா? ஒரு நாள் அந்தம்மா திரும்ப மாட்டேன்னு அடம்பிடிச்சிருக்காங்க. புத்தகத்தைத் தூக்கிச் சுவத்துல அடிச்சிட்டாரு. அதோட முதுகு அட்டை பிஞ்சு போச்சு. நூலகத்துப் புத்தகம் வேற. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பசை போட்டு ஒட்டியிருக்காங்க. அந்தம்மா படுத்தபடியே பக்க எண் சொல்லிக் கொடுத்தாங்களாம்."

நல்லவேளை கேட்டேன். நான் கற்பனை செய்திருந்தால் கத்தவைத்திருப்பேனே தவிர, ஒட்டவைத்திருக்க மாட்டேன்.

7

அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, "தப்பு என்னோடது," என்று ஆரம்பித்தாள். அத்தியாயம், திருப்பம், குக்கர், எல்லாம் சொன்னாள்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு," என்றார் என்ஜினியர். "ஆதாரம்? கதை சொல்லி ஒரு வீட்டைத் திரும்பச் சேர்க்க முடியாது மேடம்."

அப்போது கிருமி அம்மா தொண்டையைக் கனைத்தார். அவர் கூட்டங்களில் அதிகம் பேச மாட்டார். "அந்த வீட்டுல நர்ஸ் தோல்லேருந்து எடுத்துட்டு வந்த மாதிரியெல்லாம் எங்கிட்ட இருக்கு. நீக்கினப்ப தூக்கிப் போடச் சொன்னீங்க. எனக்குத்தான் எதையும் தூக்கிப் போட மனசு வராதே, எங்க வீட்ல வந்து பாருங்க தெரியும். நேத்து எடுத்துப் பார்த்தேன். நர்ஸ் போன ஒவ்வொரு வாரமும் ஆரோக்கியமான தோல். நாப்பது வீட்டுல இதைவிட நல்ல தோல் ரெண்டு வீட்லதான். தலையணைக்குத் தோல் கிடையாது, தம்பி."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. என்ஜினியரே முதலில் சிரித்தார். பிறகு முகம் வாடிப்போயிற்று.

"முப்பத்தோரு சத்தம் கேட்டுப் பார்த்து, அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்தேன். யாரையும் பயமுறுத்தாத சத்தம்னு நினைச்சேன்."

மறுநாள் அவர் பதினேழாம் வீட்டுக்குத் தனியாகப் போனார். ஓர் அத்தியாயம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். இடையில் ஒரு சொல்லை டிரைவர் தப்பாகப் படிக்க, அக்காவுக்கு முன்னால் இவர் திருத்தினாராம். அக்காவுக்கு அதனாலேயே அவரைப் பிடித்துப்போயிற்று. திரும்பி வந்து எல்லா விரிப்புகளிலிருந்தும் ஒலிப்பெட்டியைக் கழற்றினார். அதற்குப் பதில் ஒரு சின்ன விளக்கு, கவனிப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற பக்கத்தில். வேண்டாதவர்கள் அதையும் அணைத்துக்கொள்ளலாம்.

8

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பதினேழாம் வீடு ஆய்வுக்குத் திரும்பியது. நர்ஸும் திரும்பினார். நான்காம் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று எழுதி, கீழே அரைப்பக்கம் காலியாக விட்டார்கள். நாற்பது வீட்டிலும் அந்த அரைப்பக்கம் நிரம்பி வழிந்தது. ஒரு வீட்டில் பாட்டாம், ஒரு வீட்டில் சண்டையாம். பகலில் கூட உட்கார ஓர் ஆள் இருந்த வீடுகளில்தான் புண் குறைவு என்று தெரிந்தது. அரசு அதைப் படித்து, இருநூறு வீடுகளுக்குப் பகல் நேரத்தில் சம்பளத்தோடு ஓர் ஆளை அனுப்பிப் பார்க்க ஒப்புக்கொண்டது. இருநூறு கொஞ்சம்தான். நேற்றுவரை ஒன்றுகூட இல்லை.

நாலு பேருக்கும் தனித்தனியே நன்றி சொல்ல எனக்கு ஆசை. மாதிரியைத் தூக்கிப் போடாத அலமாரிக்கு, முப்பத்தோரு சத்தத்தையும் கைவிட்ட மனசுக்கு, சொன்னபடி சாயங்காலமே வந்த டாக்டருக்கு, "தப்பு என்னோடது" என்று எழுந்து நின்ற கேள்விக்காரிக்கு. அறிக்கையில் இதற்கெல்லாம் இடமில்லை. அதனால்தான் இதைக் கதையாக எழுதினேன்.

9

அச்சான அறிக்கையை எடுத்துக்கொண்டு கேள்விக்காரி பதினேழாம் வீட்டுக்குப் போனாள். அக்கா தன் வீட்டைப் பற்றிய வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். "பிழையில்ல" என்றாள். டிரைவர் டீ கொண்டுவந்து வைத்தார். கிளம்பலாம் என்று இவள் எழுந்தபோது அக்கா கேட்டாள்:

"ஏம்மா, ரெண்டு வருஷமா எங்க எல்லாரையும் கேட்டுட்டே இருக்கியே. உன்னை யாரு பாத்துக்கறா?"

கேள்விக்காரி மறுபடி உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாளாம். இரண்டு பஸ் போய்விட்டதாம்.

என்ன பேசினாள்? அவளுக்கு ஒரு தனியறையைக் கொடுத்து, "யாருமில்லை" என்று சொல்லவைத்தேன். அடித்தேன். அம்மா ஒருத்தியைக் கொடுத்தேன், ஒரு கணவனைக் கொடுத்தேன், அவர்களைப் பற்றிக் குறை சொல்லவைத்தேன். பொருந்தவில்லை. கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அது அவங்களுக்குச் சொன்னது, எடிட்டர்," என்றாள். "அறிக்கைக்கும் சொல்லல, உங்க கதைக்கும் சொல்லல." முகம் மலர்ந்திருந்தது. அதை மட்டும் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன், சரி என்றாள்.

எனவே அந்த ஒரு மணி நேரம் என்னிடம் இல்லை. உங்களிடம் இருக்கலாம். உங்களை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் என்ன சொன்னீர்களோ, அதை இங்கே வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்டதில்லை என்றால்,

உட்காருங்கள். எனக்கும் பஸ் அவசரம் இல்லை.