மேலட்டை இல்லாத நாவல்கள்

என் வீட்டுக்காரருக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் கிடையாது. வாங்குகிற பழக்கம் மட்டும் உண்டு. மாதாமாதம் கடையில் தொங்கும் மலிவு விலை நாவல்களில் கொலை, காதல், பேய் என்று எதையும் விடமாட்டார். ஒரு கட்டு சேர்ந்ததும் பைண்டரிடம் கொண்டுபோய் நாலு நாலாகத் தைக்கக் கொடுப்பார், திரும்பி வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டுவார். "பின்னால பாரு, தங்கம் மாதிரி விலை ஏறும்" என்பார்.

நானோ கதைப் பைத்தியம். தையல் மிஷினில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒரு நாவல் விரிந்து கிடக்க வேண்டும். வீட்டில் பீரோ நிறையக் கதை இருக்க, நான் தெருமுனை வாடகை நூலகத்தில் பாதி கிழிந்த புத்தகத்துக்குக் காத்து நின்றேன். யாருக்குத்தான் வயிறு எரியாது? ஒன்றே ஒன்று கொடுங்கள் என்று கேட்டால், "வேற ஆள் கை பட்டா விலை போச்சு" என்பார். கட்டிய பெண்டாட்டி வேற ஆளாம்.

போன மாதம் சண்டை முற்றி ஒரு முடிவுக்கு வந்தோம். பழைய புத்தக வியாபாரி ஒருவரைக் கூப்பிடுவது. விலை உண்டு என்று அவர் சொன்னால் நான் வாயே திறக்கக் கூடாது. ஒன்றுக்கும் உதவாது என்றால் பீரோ சாவி என் கைக்கு வந்துவிடும். தன் வீட்டுப் பொருள் காலணாவுக்குப் பெறாது என்று யாராவது சொல்ல வேண்டுமென்று வேண்டிக்கொண்டவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

வியாபாரி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். ஒல்லியான மனிதர், பேச்சில் சுற்றி வளைப்பது இல்லை.

"மாத நாவல்தானே சார்? லட்சக்கணக்குல அச்சடிச்சதுதான். ஆனா வாங்கினவங்க படிச்சுட்டு பஸ்லயே விட்டுட்டுப் போயிட்டாங்க. இப்ப நல்ல காப்பி கிடைக்கிறதே கஷ்டம். கேட்ட விலை கொடுக்க ஆள் இருக்கு."

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படியே ஒரு கொட்டு வைக்கலாம் போலிருந்தது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார்.

வரிசை வரிசையாகச் சிவப்புத் தொகுதிகள், முதுகில் வெள்ளை எண்கள். வியாபாரி ஒன்றை எடுத்துப் புரட்டினார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"மேலட்டை எல்லாம் எங்க சார்?"

"அது மெல்லிசா இருந்துச்சு. நைஞ்சு போயிடும்னு கிழிச்சுப் போட்டுட்டு, கெட்டி அட்டையா போடச் சொல்லிட்டேன்" என்றார் இவர், பெருமையாக.

வியாபாரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சார், தேடி வர்றவன் அந்த அட்டைப் படத்துக்காகத்தான் வர்றான். ஓரத்தை வேற வெட்டியிருக்காங்களே."

"எல்லாம் ஒரே மட்டமா இருக்கட்டும்னு நான்தான்..."

"மொத்தமும் இப்படித்தானா?"

"ஒண்ணு விடல" என்றார். இந்தத் தடவை குரல் இறங்கிவிட்டது.

"எடைக்குப் போடலாம் சார். இல்லேன்னா படிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு அவர் கிளம்பினார்.

இவர் சாவியை மிஷின் மேல் வைத்துவிட்டு பால்கனிக்குப் போனார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டுமென்று எத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. பாவமாக இருந்தது. சாவியைப் பார்த்தால் சந்தோஷமாகவும் இருந்தது. என்ன செய்ய, இரண்டும் நிஜம்தான்.

முதல் தொகுதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளை பூட்டிய காருக்குள் செத்துக் கிடக்கிறான். சோறு பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் படித்தேன். இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கூடத்தில் நிறுத்தி, "கொலையாளி இங்கேதான் இருக்கிறார்" என்கிறார். பக்கத்தைத் திருப்பினால் ஒரு பேய் கிணற்றடியில் தலை வாரிக்கொண்டிருக்கிறது. பைண்டர் பக்கங்களை மாற்றி வைத்துத் தைத்துவிட்டான்.

"என்னங்க, இங்க வாங்க" என்று கத்தினேன்.

வந்தார், பார்த்தார், பைண்டரைத் திட்டினார். பிறகு, "என்ன கதை அது?" என்றார். சொன்னேன். சொல்லச் சொல்ல அப்படியே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கார் பூட்டியிருந்துச்சுன்னா, சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"அது தெரியணும்னுதான் நானும் தவிக்கிறேன்."

விருட்டென்று எழுந்தார். பீரோவில் இருந்த தொகுதிகளையெல்லாம் இறக்கித் தரையில் பரப்பினார். எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். ஒரு காதல் கதைக்கு நடுவே காணாமல்போன பக்கங்கள் அகப்பட்டன. நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. பீரோவில் சாய்ந்து நின்றபடி, உதடு அசைய, கடைசி வரி வரைக்கும் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பொண்ணோட அப்பாதான் கொன்னிருக்கார்" என்றார்.

"பாவி மனுஷா, முடிவைச் சொல்லிட்டீங்களே."

"சொல்லக் கூடாதா?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். வாழ்நாளில் அவர் படித்து முடித்த முதல் கதை அதுதான். எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் சேர்ந்து வந்து தொலைத்தது. அதற்குள் அவர் குனிந்து, அடுத்து எதைப் படிக்கலாம் என்று தேட ஆரம்பித்திருந்தார். அவர் கை போவதற்குள் நான் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன்.