ஆறாவது துணி

1

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது என்று எழுதுகிற இந்தக் கையின்மீது ஆணையாகச் சொல்கிறேன். நடந்தது என் பக்கத்து வீட்டில். பாதியை நடுச்சுவர் வழியாக நானே கேட்டேன். மீதியை அந்த வீட்டுக்காரரே சொன்னார்.

ஊசி முனையில் உலகமே நின்றுகொண்டிருந்த அந்த மாலைப்பொழுதில்...

(வேண்டாம். ஊசி முனையில் இருந்தது அவருடைய கட்டைவிரல் மட்டும்தான்.)

2

அவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். தான் வரும்போது எழுந்து நிற்காத பையன்களை மைதானத்தில் காயவைத்தே தலை நரைத்தவர். மகள் கல்யாணத்தில் இவர் உள்ளே வந்தபோது சம்பந்தி நாற்காலியை விட்டு எழவில்லை. அன்று அறுந்த பேச்சு, பேத்தி பிறந்த பிறகும் ஒட்டவில்லை. நடுவில் கிடந்து நசுங்கியவள் மகள். அவள் அழுத அழுகையில் சம்பந்தியே இறங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வருவதாகச் சொல்லியனுப்பினார்.

இவர் சும்மா இருப்பாரா? பேத்திக்குத் தன் கையாலேயே ஒரு விரிப்பு தைத்துத் தருவதாக வாய்விட்டுவிட்டார். (அதுவரை ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை.)

3

கற்றுக்கொடுத்தவள் மனைவி. முன்னறையில் தையல் வகுப்பு நடத்துகிறவள். ஐந்து துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விரலகல இடைவெளியில் கோடு கோடாகத் தைக்க வேண்டும். பிறகு கோடுகளுக்கு நடுவே மேல் நான்கை மட்டும் கத்தரித்து, அலசி உதறினால், வெட்டிய ஓரங்கள் பிசிர்விட்டுக் கம்பளிப்பூச்சி மாதிரிப் புசுபுசுவென்று எழும். அடித்துணியில் மட்டும் கத்தரி படக் கூடாது. பட்டால் அத்தனையும் கந்தல்.

மெஷினைத் தொட அவள் விடவில்லை. மடியில் போட்டுக் கையால் தைத்தார். அடியில் ஒரு பலகை வைத்துக்கொள்ளச் சொன்னாள். "எனக்கே பாடமா?" என்றார், பாடம் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்து.

4

ஞாயிறு காலை உட்கார்ந்தவர் கடைசி முடிச்சைப் போடும்போது வாசல் மணி அடித்தது. எழப்போனார். விரிப்பும் கூடவே எழுந்தது. பேண்ட்டின் இரண்டு கால்களும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தன.

"நான் குடுத்தது அஞ்சு துணி. நீங்க ஆறா தெச்சிருக்கீங்க."

"பிரிச்சு விடு."

"காலைலேருந்து தெச்சதை இந்த நிமிஷத்துல எப்படிங்க பிரிக்கிறது? வெட்டத்தான் வேணும்."

"அடித்துணியில கத்தரி படக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

[மனைவி இங்கே சிரித்ததாக எழுதி அடித்துவிட்டேன். கத்தரி வைத்திருப்பவள் சிரித்தால் கதைக்கு நல்லதல்ல.]

கதவு திறந்தே இருந்தது. குழந்தையை ஏந்திக்கொண்டு சம்பந்தி உள்ளே வந்துவிட்டார். பின்னால் மகள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. டிரில் மாஸ்டர் உட்கார்ந்தே இருந்தார்.

"என்ன சம்பந்தி, பதிலுக்குப் பதிலா?"

எழுந்தால் மானம் போகும். எழாவிட்டால் மகளுக்குக் கிடைக்கவிருந்த நிம்மதி போகும்.

5

அவர் சிரித்தபடி எழுந்து, முயல் மாதிரித் தத்தித் தத்திப் போய்ச் சம்பந்தியைக் கட்டிக்கொண்டார் என்று முடிக்கலாம். (நடக்காது. எனக்கு அவரைத் தெரியும்.)

கால்வலி என்று பொய் சொன்னார். "அன்னிக்கு எனக்கும் அதே கால்வலிதான்" என்றார் சம்பந்தி. இப்படியும் முடிக்கலாம். (எனக்கே பிடித்திருக்கிறது. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.)

அல்லது, மகளின் முகத்தைப் பார்த்தார். மனைவியின் கையிலிருந்து கத்தரியை வாங்கி...

எது நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. நம்பாதவர்கள் நேரில் வந்து பக்கத்து வீட்டு மணியை அடியுங்கள். அவர் எழுந்து வந்து கதவைத் திறக்கிறாரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வழி தவறாது. தெருக்கோடியில் இருப்பது என் வீடு ஒன்றுதான். இருபுறமும் காலி மனை.